மூணு அம்மா

“கனடாவுல இருக்கிறவர் கூடப் பிறந்த தம்பின்னு சொன்னே. அவரைப் பெத்தது யூஃப்ரசி. உன்னைப் பெத்தது கொன்சொலாத்தா. எது பொய்?”

கனடா எல்லையில் அதிகாரி டாயில் அம்மாள் கேட்டதை, மொழிபெயர்ப்பாளர் ஸெனோன், கொரெத்துக்கு அவர்கள் ஊர் மொழியான கிருண்டியில் சொன்னார். அவரும் அவளைப் போலப் புருண்டிக்காரர்தான்.

அமெரிக்கா வழியாக வந்து இங்கே அடைக்கலம் கேட்டால், கனடாவில் நெருங்கின சொந்தம் ஒன்று இருக்கணும். இல்லையென்றால் வந்த பாலத்திலேயே திருப்பி விடுவார்கள். அங்கே போனால் ஊருக்கே ஏற்றிவிடுவார்கள். ஊரில் கொரெத்தின் புருஷனைப் பிடித்துப் போனவர்கள் அவளையும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டும் நெசம்தான்,” என்றாள் கொரெத். “ரெண்டு பேருமே எனக்கு அம்மா.”

“ஒருத்தருக்கு எத்தனை அம்மா?”

“எனக்கு மூணு. ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாயில் சிரிக்கவில்லை.

“யூஃப்ரசி உனக்கு என்ன வேணும்?”

“என்னைப் பெத்தவங்களோட அக்கா.”

“அப்ப அவர் பெரியம்மா மகன். செல்லாது.”

ஸெனோனுக்குப் பொறுக்கவில்லை. “மேடம், எங்க ஊர்ல அதுவும் கூடப் பிறந்ததுதான்.”

“உங்க ஊர்ச் சட்டத்தை வச்சு நான் வேலை பாக்கலை. நான் கேக்கிறதை மட்டும் சொல்லுங்க. தம்பி வீட்ல வேற யார் யாரு?”

“பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க.”

“சமையல் யாரு?”

“அந்த மகராசிக்குச் சமைக்க எங்க தெரியும்? எல்லாம் யூஃப்ரசி அம்மாதான். கனடா வந்தும் பீன்ஸைக் காலையில ஏத்தினா சாயங்காலம்தான் இறக்குறாங்களாம்.”

ஸெனோன் கிருண்டியில் முணுமுணுத்தார். “செல்லாதுன்னு சொல்லியாச்சு. அப்புறமும் அடுப்படி வம்பு கேக்குது பாரு, கல்நெஞ்சு.”

டாயில் நிமிரவே இல்லை. “அந்தம்மாவுக்கு இங்கேயே தங்குற உரிமை இருக்கா?”

“இருக்கு. தம்பிதான் எழுதிப்போட்டுக் கூட்டிட்டு வந்தான்.”

“பின்னே ஏன் அவங்க பேரை முதல்லயே சொல்லலை?”

“ஆம்பளையாச் சொன்னாத்தான் எடுபடும்னு நெனச்சேன். கார் வேற வச்சிருக்கான்.”

டாயில் அப்போதுதான் சிரித்தாள். போனை கொரெத் பக்கம் நகர்த்தினாள்.

“பெரியம்மா மகன் எங்க சட்டத்துல இல்லைம்மா. பெரியம்மா உண்டு. நானா எடுத்துக் கொடுக்கக் கூடாதுன்னுதான், நீயா சொல்ற வரைக்கும் அடுப்படியைச் சுத்திச் சுத்தி வந்தேன்.”