பன்னிரண்டு வரை

"சாராயம் குடிக்கிறதுக்கு. மூஞ்சியில தேய்ச்சுக்கிறதுக்கு இல்ல," என்று யோவானா பாட்டிலைப் பிடுங்கினாள்.

நெவேனாவின் கன்னமெல்லாம் எரிந்தது. வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் பட்டால் பரு கருகிவிடும் என்று அவர்கள் இருக்கும் யாம்போல் நகரமே சொல்லும். போன வாரம் பற்பசை தடவிப் பார்த்தாயிற்று. அதற்கு முந்தைய வாரம் நகத்தால் கிள்ளிப் புண்ணாக்கிக்கொண்டாள்.

"உனக்கென்ன, உரிச்ச முட்டை மாதிரி மூஞ்சி. மே இருபத்திநாலு விருந்துக்கு இந்தக் கோலத்துல நான் எப்படிப் படியிறங்குவேன்?"

நியாயமான பயம்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களை அன்றைக்குக் குடியிருப்பே வாசலில் கூடி, கைதட்டி, படமெடுத்து விருந்துக்கு அனுப்பிவைக்கும். முகம் தெளியாவிட்டால் விருந்தும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம் என்று நெவேனா ஒற்றைக் காலில் நின்றாள்.

யோவானா சம்பாதிக்கிறவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். மறுநாள், மார்ச் ஒன்றாம் தேதி, தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கெனோவா நிதானமாக விளக்கினார். பரு அழுக்கால் வருவதில்லை, அதனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. எண்ணெய் மிஞ்சித் துளை அடைபட்டு, உள்ளே கிருமி பெருகிச் சிவக்கிறது. படுக்கப்போகும் முன் பட்டாணி அளவு களிம்பை முகம் முழுக்கத் தடவ வேண்டும். கிள்ளவே கூடாது.

"முதல்ல கொஞ்ச நாள் அதிகமாகிற மாதிரிகூட இருக்கும். அப்பப் பயந்து நிறுத்திடாதீங்க. பன்னிரண்டு வாரம் பொறுங்க."

யோவானா விரல்விட்டு எண்ணினாள். சரியாக மே இருபத்திநான்கில் போய் முடிந்தது. மார்ச் பிறந்தால் எல்லோரும் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூலை நெவேனாவின் மணிக்கட்டில் அங்கேயே முடிந்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் முகம் இன்னும் மோசமானது. நெவேனா களிம்பைக் குப்பைக்கூடையில் எறிந்தாள். யோவானா அதை எடுத்துத் துடைத்து, கண்ணாடி முன்னால் வைத்தாள்.

ஏப்ரலில் பிளம் மரம் பூத்தது. மரம் பூத்தால் செய்கிற முறைப்படி எல்லோரும் நூலை அவிழ்த்துக் கிளையில் கட்டினார்கள். மூஞ்சி தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நெவேனா மறுத்துவிட்டாள். எட்டாம் வாரம் புதுப் பரு வருவது நின்றது. பத்தாம் வாரம் சிவப்பு மங்கியது.

மே இருபத்திநான்கு. நீல கவுனில், பவுடர் ஒரு சிட்டிகைகூட இல்லாமல் நெவேனா கதவைத் திறந்தாள். இரண்டொரு தழும்பு இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். இறங்கியதும் நூலை அவிழ்த்து வாசல் மரத்தில் கட்டினாள். கூட்டம் வழக்கப்படி, படித்த வகுப்புக்கு ஒன்றாக எண்ணிக் கூவத் தொடங்கியது.

பதினொன்று வந்ததும் நெவேனா கையை உயர்த்தி நிறுத்தினாள். பரு மூஞ்சி என்ற கேலி தாங்காமல் ஒருமுறை அந்தப் பதினொன்றோடுதான் படிப்பை விட்டிருந்தாள்.

"பன்னிரண்டை நான் சொல்றேன்."

அவள் போட்ட சத்தத்தில் ஐந்தாம் மாடி ஜன்னல்கள்கூடத் திறந்தன. பெருமை தாங்காமல் அழுதேவிட்டாள்.

"அழாதம்மா, கண்மை கரையுது," என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள், ஆறு வருடத்துக்கு முன்பே இதே படியில் தன் பன்னிரண்டை எண்ணி முடித்திருந்த அவள் மகள் யோவானா.