சுத்தமான காப்பித்தூள்

தென்னூர்க் கடைவீதியின் காலை வெயில் சகாயநாதனின் காப்பித்தூள் கடைக்குள் சாய்வாக விழுகிறது. அரைக்கும் மெஷின் இப்போதுதான் நின்றிருக்கிறது. பறந்த தூள் வெயிலில் மிதந்து அவர் புருவத்தில் படிகிறது. வாசலில் ஸ்டூல்மேல் நின்று புதுப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறான் அழகிரி. ‘சிக்கரி கலக்காத’ என்பதுவரை வந்தாயிற்று. உள்ளே பவுனம்மாள், நேற்று வாங்கிப்போன பொட்டலத்தைத் தராசுத் தட்டில் பொத்தென்று போடுகிறாள். “என்னத்தங்க கலந்தீங்க இதுல? டிகாக்ஷன் கறுப்பாவே இறங்கல. எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரைத் தள்ளிட்டாரு.” “ஒண்ணுமே கலக்கலம்மா. சிக்கரி போட்டாத்தான் அப்படிக் கறுக்கும்.” “யாருகிட்ட கதை விடுறீங்க? காப்பி குடிச்சே பழக்கமில்லாதவங்களா நாங்க?” இந்த வாரத்தில் திரும்பி வந்த ஐந்தாவது பொட்டலம் இது. சகாயநாதனுக்குக் காதுமடல்வரை சுடுகிறது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். அதே தூளைப் புதுத் தாளில் கொட்டி, ஓட்டல்காரர்களுக்கென்று வைத்திருக்கும் சிக்கரி டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி அள்ளிப் போடுகிறார். கரண்டி டப்பா விளிம்பில் ணங்கென்று இடிக்கிறது. நீட்டியதை முகர்ந்த பவுனம்மாளின் முகம் மலர்கிறது. “இதுதாங்க சுத்தம்! இத நேத்தே குடுத்திருக்கலாம்ல?” பொட்டலம் கட்டும் விரல்கள் இழுத்த இழுப்பில் நூல் அறுந்துபோகிறது. மறுபடி கட்டிக் கொடுக்கிறார். அவள் படியிறங்குகிறாள். ஸ்டூல்மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்ட அழகிரியின் கையில் பிரஷ் அந்தரத்தில் நிற்கிறது. “அண்ணே, எழுதினத அழிச்சிடவா?” சகாயநாதன் பல்லைக் கடிக்கிறார். “எதுக்குய்யா அழிக்கிற? இன்னும் பெருசா எழுது.”