ஆணியில் இரண்டு டோக்கன்

“பெரியவரே, கைய எடு! அது பாக்குற சாமான், தொட்ற சாமான் இல்ல.”

ஜெயவேல் போட்ட அதட்டலில் பெரியவர் 187-ஆம் நம்பர் பித்தளை டோக்கனிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

எர்ணாவூரில் மூடிக்கிடந்த சோப்புக் கம்பெனியை வட்டார மியூசியமாக்கித் திறந்து ஆறு மாதம் ஆகிறது. வியாசர்பாடி ஜெயவேலுக்கு அங்கே சுற்றிக்காட்டும் வேலை. அந்த 1973 அக்டோபர் மாத மழையில் மதியத்துக்கு மேல் வந்த ஒரே ஆள் இந்தப் பெரியவர்தான். வெள்ளைத் தாடி, கக்கத்தில் சொட்டும் குடை. ஆள் உயரக் கொப்பரைகளையும் சோப்பு அச்சு மிஷினையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே டோக்கன் பலகைக்கு வந்து நின்றுவிட்டார்.

பலகையில் முந்நூறு ஆணிகள். இரண்டில் மட்டும் டோக்கன் தொங்கியது. ஒன்று 187, இன்னொன்று 214.

“இன்னா விசயம்னா,” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெயவேல் தன் தினசரிக் கதையை ஆரம்பித்தான். “உள்ள வர்றவன் தன் நம்பர் ஆணில டோக்கனை மாட்டணும். வூட்டுக்குப் போறப்ப எடுத்துகினு போவணும். அவனவன் டோக்கனை அவனவன்தான் மாட்டணும், அதான் ரூலு.”

“ரூலு அப்பிடித்தான்,” என்றார் பெரியவர்.

“நாப்பத்தொம்பதுல ஒரு நாள் பாய்லர் வெடிக்கிற மாரி ஆயிப்போச்சு. அல்லாரும் வெளிய ஓடுறாங்க. இவரு மட்டும் ஓடல.” மாலை போட்ட படத்தைக் கை காட்டினான். “சிலுவைமுத்து, நம்பர் 214. பாய்லர் ட்யூட்டி. நின்னு வால்வைத் தொறந்து ஆவிய வெளிய வுட்டாரு. அத்தினி பேரும் பொழச்சாங்க, இவரு வெந்து பூட்டாரு. மூஞ்சி கூட தெரியலியாம். பொணம் பாய்லராண்ட கெடந்ததை வச்சுத்தான் இவர்னு கண்டுக்கினாங்க.”

பெரியவர் படத்தை உற்றுப் பார்த்தார். “மீசை இவ்ளோ பெருசு இல்லியே அவனுக்கு.”

“போட்டோ எதுவும் கெடைக்கல நைனா. ஆர்ட்டிஸ்டு மனசுக்குத் தோணினதை வரைஞ்சுட்டாரு. வீரன்னா மீசை வாணாமா?” ஜெயவேல் சிரித்தான். “அவரு சம்சாரம் லூர்தம்மாவுக்குக் கம்பெனியே வேலை குட்த்துது. மூடுற வரைக்கும் இந்தக் கேட்டுல ராணி மாரி வந்து போச்சு. போன தவக்காலத்துலதான் தவறிச்சு.”

“தெரியும். கடைசி ஆளா கல்லறை வரைக்கும் நடந்தேன்.” பெரியவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். “187?”

“அவன் ஸ்டானிஸ்லாஸ். கூப்ட்ட எடத்துக்குப் போற கூலி. சத்தம் கேட்டதும் எட்த்தான் பாரு ஓட்டம், டோக்கனை எடுக்கக்கூட திரும்பி வரல. ‘ஓடிப்போனவன்’னு கீழ எழுதிகீது பாரு. சனங்க இதப் படிச்சிட்டுத்தான் சிரிப்பாங்க.”

பெரியவர் சிரிக்கவில்லை. “அந்த எழுத்தை அழிக்கச் சொல்லத்தான் வந்தேன். ஸ்டானி ஓடல.”

“நீ இன்னா கண்டே?”

“நானும் இங்க வேலை பாத்தவன்தான்பா. அவன் சம்சாரம் ஆலிஸ் இன்னும் ராயபுரத்துல மீன் கூடை தூக்கிகினு கீது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியும் பூவுமா உள்ள போவுது. அது மட்டும் கேட்டாண்ட நின்னுட்டுத் திரும்புது. ஓடிப்போனவனுக்கு ஏது கல்லறை? இருபத்து நாலு வருசமா, ஓடுகாலி பொஞ்சாதின்னு பேரு. வர்ற ரெண்டாந்தேதிக்குள்ள அந்தப் பேரு போவணும்.”

“ஓடலைன்னா எங்க பூட்டான்? சொல்லு.”

“அவன் எங்கயும் போவல.”

ஜெயவேல் அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தான். வந்ததும் வராததுமாய் 187-ஐத் தொட்ட கை. ஸ்டானி என்று வாய் நிறையச் சொன்ன செல்லப் பேர். ஆலிஸுக்காகக் கலங்கிய கண்.

அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் எங்கோ ஒளிந்திருந்துவிட்டு, கிழட்டு வயதில் கெட்ட பேரைத் துடைத்துக்கொள்ள வந்திருக்கிறார். கோபம்தான் வந்தது. ஆனாலும் நனைந்த குடையோடு நின்ற அந்தக் கோலத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

“இத பாரு நைனா, எங்கைல ஒண்ணும் இல்ல. திங்கக்கெழம ஆபீசர் வந்து இந்த நோட்டைப் படிப்பாரு. மனசுல இருக்கிறத எழுது.” பார்வையாளர் நோட்டைத் திறந்து, பேனாவையும் வைத்தான். “ஆனா சொந்தப் பேரைப் போடணும். ஒளிஞ்சது போதும்.”

“போதும்தான்,” என்றார் பெரியவர்.

நிதானமாக எழுதினார். மை காய ஊதினார். குடையை எடுத்துக்கொண்டு, 187-க்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ஜெயவேல் நோட்டைத் தன் பக்கம் திருப்பினான்.

‘பாய்லர் முன்னால் நின்று செத்தவன் ஸ்டானிஸ்லாஸ். அன்றைக்கு என் டோக்கனையும் சேர்த்து மாட்டி, என் வேலையையும் அவன்தான் பார்த்தான். நான் மீஞ்சூர் கொட்டகையில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்தம்மாவின் வேலை போய்விடக் கூடாதென்று இத்தனை வருஷம் ஒளிந்திருந்தேன். ஆலிஸ் இனிமேல் என் பெயர் போட்ட கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றட்டும். இப்படிக்கு, சிலுவைமுத்து, நம்பர் 214.’