அரைப் புருவம்

புருவம் எடுக்கும் நூலின் ஒரு முனை என் பல்லுக்கிடையில் இருந்தபோதுதான் அக்‌ஷராவின் செய்தி வந்தது.

'அம்மா, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். யாரோ துப்பாக்கியோடு உள்ளே வந்திருக்கிறானாம். விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் இருக்கிறோம். போன் அடிக்காதே. அதிர்ந்தால்கூட வெளியே கேட்கும். அப்பாவுக்குச் சொல்லாதே, உடனே போன் அடிப்பார்.'

பிரெஞ்சில் எழுதியிருந்தாள். இரண்டு தரம் படித்தேன்.

ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்கப் போனவள். ஒஹையோவில் ஒரு சின்ன ஊர், அரசுப் பள்ளி. எங்கள் கடை இருக்கும் இந்த லா சப்பலை விட அமைதியான இடம், பயமில்லாமல் போ என்று அனுப்பிவைத்ததே நான்தான். என் வாயைத் தைக்க வேண்டும்.

நாற்காலியில் என் மச்சாள், கணவரின் அக்கா ஷிரோமி, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தா. ஒரு புருவம் முடிந்திருந்தது. மற்றது பாதி.

இவவுக்குத் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் குடும்பக் குழுவில் போட்டுவிடுவா. ரொறன்ரோ, லண்டன், சுவிஸ் என்று ஒருவர் மிச்சமில்லாமல் பிள்ளைக்குப் போன் அடிப்பார்கள். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசமே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நூலை இழுத்தேன். கண் போனிலேயே இருந்தது.

"ஆ! என்ன ரூபி, தோலையே உரிக்கிறாய்?"

போன் அடித்தது. உயிர் போய்த் திரும்பி வந்தது. என் கணவர். சென் தெனிச் சந்தையில் நிற்கிறாராம். லீக்ஸ் வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று வைத்தேன்.

நான்கு நிமிடத்தில் மறுபடியும். தக்காளி வேண்டுமா? இந்த மனுசனுக்கு நேரம் காலமே தெரியாது. பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் கேட்டு வாங்கியவரில்லை. அழுகல் தக்காளியை வாங்கிவந்து மலிவு என்று பெருமை பேசுகிறவர்.

குரலை ஒழுங்காக வைத்துக்கொண்டு, ஒரு கிலோ வாங்கச் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது.

மூன்றாம் தரம், கடையில் தனியாகவா நிற்கிறாய் என்று கேட்டார். உங்களுடைய அக்கா இருக்கிறா என்றேன்.

"அக்கா நிக்கிறாவோ? அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

ஷிரோமியின் புருவத்தில் எடுக்க இனி ஒரு முடியும் இல்லை. ஆனாலும் நூலை விடவில்லை. விட்டால் வாய் திறந்துவிடும், அழுதுவிடுவேன். முருகா, என் பிள்ளையை விட்டுவிடு, என்னை எடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறாவது நிமிடம்.

'அவனைப் பிடித்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வெளியே வந்துவிட்டோம் அம்மா. இப்போது அடிக்கலாம்.'

காற்று வேண்டும்போல் இருந்தது. நூலைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

எதிர்நடைபாதையில், பூட்டியிருந்த கடை ஒன்றின் கதவோடு ஒட்டிக்கொண்டு என் கணவர் நின்றார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் பையில்லை, தக்காளியில்லை. போன் மட்டும் இருந்தது. அதைப் பார்த்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார்.

தெருவைக் கடந்து போய் முன்னால் நின்றேன். என்னைக் கண்டதும் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு எழுதினவள்" என்றார்.