பெட்டியோடு கட்டிய கட்டு

நூலகத்தின் ஆறு பழைய கணினிகள் காயலான் கடை வண்டியில் ஏறிவிட்டன. ஏழாவதில் தமிழ் தெரிந்தால் எல்லாமே தப்பும் என்று நூலகர் மாசிலாமணி சொல்லியிருந்தார். அதில் போட்டிருந்த சின்ன லினக்ஸ் இயங்குதளம் முழுவதும், அமுக்கிச் சுருட்டிய மெத்தை போல ஒரே கோப்பாக இருந்தது. கணினியைச் சரிசெய்ய வந்திருந்த ஸ்டெல்லா அதைப் பிரித்து, உள்ளே தமிழ் எழுத்துருவை வைத்து, மறுபடி சுருக்கியிருந்தாள். மூன்று முறை செய்து பார்த்தும் திரை கறுப்பாகவே நின்றது.

"வண்டிக்காரர் ரெண்டாவது டீயும் குடிச்சிட்டாரும்மா," என்றார் மாசிலாமணி.

ஸ்டெல்லா தான் கொடுத்த கட்டளையை நிதானமாகப் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள இருக்கிறதை மட்டும் கட்டணும் சார். நான் பெட்டியோட சேர்த்துக் கட்டியிருக்கேன். மிஷின் கட்டைப் பிரிச்சா உள்ள இன்னொரு மூடுன பெட்டி. அது பாவம், என்ன பண்ணும்?"

பெட்டி என்று அவள் சொன்ன கோப்புறைக்கு உள்ளே போய், அங்கிருந்து சுருக்கினாள். கணினி எழுந்தது.

"செவ்வாய்க்கிழமை," என்று திரையின் மூலையில் தமிழில் இருந்ததை மாசிலாமணி வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

மீதி ஆறுக்கும் ஒரே சொடுக்கில் பிரித்துக் கட்டும் சிறு நிரலை ஸ்டெல்லா எழுதத் தொடங்கினாள். அதை முடிப்பதற்குள் வண்டிக்காரர் ஒரு கணினியைத் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றார்.

"எங்கம்மா வைக்கணும்?"