முப்பது கிலோ

"முப்பது கிலோதான் கொண்டுபோகலாம், மூணு கிலோ கூடுதல் உண்டு சார். பணம் அடைக்கணும், இல்லெங்கில் சாமான் குறைக்கணும், கேட்டோ" என்றாள் விமான நிலையக் கவுண்டரில் இருந்த ஷிபா.

திரவியத்துக்குச் சுருக்கென்று ஏறியது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் முப்பது வருஷமாக நல்லமிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்கிறவர். எடையைப் பற்றி அவருக்கே பாடமா?

கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டார். அறுநூறு என்றாள். முந்தின நாளே ஆன்லைனில் கட்டியிருந்தால் பாதிதான் ஆகியிருக்கும் என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது செய்தியை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அதே பெட்டி, அதே பிளேன். நேத்து ஒரு விலை, இன்னிக்கு ஒரு விலையா? நான் இப்படி வியாபாரம் செஞ்சா கடையில கல்லெறிவாங்க."

ஷார்ஜாவில் மகள் ரெம்யாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மனைவி முத்தாரம்மாள் முன்பே போய்விட்டாள். பிரசவ லேகியம், கருப்பட்டி, பூண்டு என்று அவள் போனில் சொல்லச் சொல்ல, இவர் வாங்கி அடுக்கிய பெட்டி இது. எதை எடுத்து வெளியே வைத்தாலும், அங்கே போய் இறங்கிய நிமிஷத்திலிருந்து பேச்சு கேட்க வேண்டும். மூன்று கிலோ கருப்பட்டியின் விலையோ, அதைத் தூக்கிப் போக இவர்கள் கேட்கும் கூலியைவிடக் குறைவு.

பணம் கட்டவும் மனம் வரவில்லை. கட்டினால், தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

"காசு பெரிசில்ல. கள்ள எடை போடுறதுதான் பொறுக்கல" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். "பெட்டியைக் கடையில நிறுத்துத்தான் கொண்டுவந்தது. கரெக்டா முப்பது. எங்க கடையில தராசு ஒண்ணு இல்லம்மா, ரெண்டு இருக்கு."

தராசுக்கு இந்த வருஷத்து முத்திரை உண்டா என்று குனிந்து தேடினார். இருந்தது. ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார். சற்று முன் போன தடியர் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார், அவரை யாரும் தராசில் ஏற்றவில்லையே என்றும் கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

வேண்டுமானால் பக்கத்துக் கவுண்டர் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்றாள் அவள். பின்னால் நின்றவன், தோளில் ஒற்றைப் பையோடு இருந்தவன், கேட்காமலே வந்து பெட்டிக்கு ஒரு கை கொடுத்தான். லிங்கராஜ் என்று பேர் சொன்னான். பொன்முடி அடிவாரத்துக்காரன். ஷார்ஜாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறான்.

அங்கேயும் முப்பத்து மூன்று.

"ரெண்டும் ஒரே கம்பெனித் தராசு. பின்ன எப்படிக் காட்டும்?" என்றார் திரவியம்.

"விடாதீங்க அண்ணாச்சி" என்றான் லிங்கராஜ். "நாங்க விட்டு விட்டுத்தான் இப்படி ஆனோம்."

அவனுக்குக் கொஞ்சம் மிளகுக் கொடி இருந்ததாம். மூன்று வருஷமாகக் கட்டுபடியாகவில்லை.

"வீட்டுல நிறுத்தா அம்பது கிலோ இருக்கும். ஆரியசாலையில கொண்டு போட்டா நாப்பத்தஞ்சு. கேட்டா, வழியில காத்துல காஞ்சிடுச்சும்பாங்க. பின்சந்து வழியா போய் மூட்டையை இறக்கிட்டு வர்ற ஆளுங்க நாங்க. முதலாளி முகத்தைக்கூடப் பாத்ததில்ல, யார்கிட்ட சண்டை போட?"

எந்தக் கடை என்று திரவியம் கேட்கவில்லை. காய்கிற சரக்கு குறையத்தான் செய்யும், அது வேறு விஷயம் என்று மட்டும் சொன்னார்.

கவுண்டர் மூடப் போகிறது என்றாள் ஷிபா. அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் கிளப்பிவிட்டது. செல்போனை எடுத்து, கடையில் எடை போடும் வேலப்பனுக்கு அடித்தார். ஸ்பீக்கரைப் போட்டு, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லாக் கேட்டுக்கோ மோளே. வேலப்பா, பெட்டி எத்தனை கிலோ இருந்துச்சு? சத்தமாச் சொல்லு."

"கரெக்டா முப்பது அண்ணாச்சி."

திரவியம் வரிசையை ஒரு சுற்றுப் பார்த்தார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எந்தத் தராசுல நிறுத்தே? அதையும் சொல்லு, கேக்கட்டும்."

"முன்னால யாவாரம் நடந்துட்டு இருந்துச்சு அண்ணாச்சி. அதனால பின்னால உள்ளதுல வச்சேன். நாம மிளகு வாங்குற தராசு. ஐயோ, அது கிலோவுக்கு நூறு கிராம் குறைச்சுல்லா காட்டும். பெட்டிக்கு அத நெனைக்காமப் போயிட்டேனே அண்ணாச்சி."

திரவியத்தின் விரல் போனை அணைக்க இடம் தேடியது. ஷிபா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிங்கராஜ் பெட்டியைத் தராசிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

"வேலப்பண்ணன் சொல்றது சரிதான் மேடம்" என்றான். "அந்தத் தராசை எனக்குத் தெரியும்."