கேட்டை மூடும்மா

"கேட்டை மூடும்மா. கூட்ஸு வர்ற நேரத்துல தெறந்து போட்டு வச்சிருக்கிறியே, ஒரு உசுரு போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

கோதண்டபாணி போட்ட சத்தத்தில் மண் லாரி டிரைவரே ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான். விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடாத ஆள் கிடையாது. மூடச் சொல்லிச் சண்டைக்கு வந்த முதல் ஆள் இவர்தான்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லைச் சாலையின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தார். ஆபரேஷன் செய்த வலது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு, கேபின் வாசலை மறித்து நின்றார். கேட்கீப்பர் அமிர்தம் சுருட்டிய பச்சைக் கொடியோடு வெளியே வந்தாள்.

"ஐயா, பாசஞ்சர் போயிடுச்சு. கூட்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. முந்தி ரெண்டு வண்டியும் போற வரைக்கும் மூடியே வச்சிருந்தோம். இந்த வாரத்துலேருந்து நடுவுல தெறந்து விடச் சொல்லி ஆர்டரு. ஜனங்க கஷ்டப்படுறாங்கல்ல?"

"எந்த ஜனம் கஷ்டப்பட்டுச்சு? தெனம் வந்து நிக்கிறவன் நானு. நான் கஷ்டம்னு சொன்னனா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோதண்டபாணி காதில் அது விழவில்லை. கோபம் தலைக்கேறியிருந்தது.

உயிராவது ஒன்றாவது. போன மாதம் இதே இடத்தில் ஓர் ஆடு அடிபட்டபோது மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் எப்போதும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில்தான் இருக்கும். பீங்கான் கம்பெனி வேனுக்காக அவர் மகள் கயல்விழி அங்கேதான் கைக்குழந்தையோடு நிற்பாள். வேன் வந்ததும் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விடுவாள்.

கூட வேலை பார்த்த பாரியைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டபோது, தெருவே கூடி வேடிக்கை பார்க்க, "நீ கேட்டத் தாண்டி எங்க பக்கம் காலெடுத்து வச்சின்னா நான் செத்தேன்னு வச்சுக்க" என்று கத்தியவர் இவர். அப்பன் உயிர் மேல் வைத்த சத்தியம் என்று அவளும் இன்றுவரை தாண்டவில்லை. சொன்னதற்காக இப்படியா ஒருத்தி வராமலே இருப்பாள் என்று அதற்கும் இவருக்குக் கோபம்தான்.

பேத்தி பிறந்த பிறகு அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் "டீ குடிச்சிட்டு வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் மட்டும் அசையாமல் நிற்பார். குழந்தை ரயிலுக்குக் கையாட்டுவதைப் பார்ப்பார். கேட் திறந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

மூடிய கேட்டின் முன்னால் நிற்கிறவனை, ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. திறந்த கேட்டின் முன்னால் நின்றால் ஊரே கேட்கும். அத்தனை வீறாப்புப் பேசியவர் என்ன பதில் சொல்வார்? பாவிகள் அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் உலை வைத்துவிட்டார்களே என்றுதான் அவருக்கு வயிறு எரிந்தது.

"பெருசு, வண்டிய ஓரமா எடு. கம்பெனியில மண்ணுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றான் லாரி டிரைவர்.

"எடுக்க முடியாதுடா. மேல ஏத்திக்கிட்டுப் போ." அவனிடம் காட்டிய கோபத்தோடு அமிர்தத்திடம் திரும்பினார். "எவன் சொல்லி இந்த டைம மாத்துனாங்க? பேரச் சொல்லு. அவன் வூட்டு வாசல்ல போயி நின்னு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்."

அமிர்தத்துக்கும் பொறுமை போய்விட்டது.

"போயி கேளுங்க. அதோ வேப்பமரத்தடியில நிக்குதே உங்க மவ, அதுதான். ஆபீசரு வந்தப்ப கம்பெனி பொம்பளைங்களையெல்லாம் கூட்டியாந்து, நடுவுல தெறந்து விட்டாத்தான் ஆச்சுன்னு நின்னுச்சு."

கோதண்டபாணியின் முகம் கறுத்தது.

"அப்பன் மூஞ்சியத் தூரத்துலேருந்து பாக்கறது கூடவா அவளுக்குப் புடிக்கல? அந்த அளவுக்கு ஆயிடுச்சா? இருக்கட்டும். இனிமே இந்தப் பக்கம் நான் எதுக்கு வரேன்."

எக்ஸ்எல்லின் ஹேண்டில்பாரைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினார். திருப்பிய வேகத்தில் வண்டி பாதியிலேயே நின்றது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குழந்தை கையாட்டிக்கொண்டிருந்தது. ரயில் எதுவும் வரவில்லை.

அமிர்தம் குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபீசருகிட்ட அது என்ன சொல்லுச்சுன்னு கேட்டுட்டுப் போங்க."

"என்ன சொல்லுச்சு?"

"எங்கப்பாவுக்கு முட்டி மடங்காது சார், குனிஞ்சு வர முடியாமத்தான் அந்தப் பக்கமே நிக்கிறாருன்னு சொல்லுச்சுங்க."